விமானியின் பிழை

2020 டிசம்பர் 15 பிற்பகல், திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கிளம்பிய இலங்கை விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் கந்தளாயில் விழுந்தது. தனியாகப் பறந்த பயிலுநர் இறந்தார். அதே ஆண்டின் மூன்றாம் நாளில்தான், வீரவிலயிலிருந்து புறப்பட்ட வை-12 ரகப் போக்குவரத்து விமானம் ஹப்புத்தளை மலையில் விழுந்து நான்கு பேர் மாண்டிருந்தார்கள். இரண்டுக்கும் விசாரணைக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுக்கள் கண்டறிவது யாருக்குச் சேர வேண்டியது?

சட்டத்தைக் கேட்டால் பதில் எளிது. 1944இன் சிகாகோ உடன்படிக்கை குடிசார் விமானங்களுக்கு மட்டுமே உரியது. இராணுவ, சுங்க, பொலிஸ் விமானங்களை அதன் மூன்றாவது உறுப்புரை விலக்கி வைக்கிறது. அதன் 13ஆம் இணைப்போ, விபத்து விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, யார் மீதும் பழி சுமத்துவதல்ல என்கிறது. இறுதி அறிக்கையை வெளியிடவும் சொல்கிறது. ஆக, ஒரே மலைச்சரிவில் பயணிகள் விமானம் விழுந்தால் காரணத்தை ஊரே வாசிக்கலாம். படை விமானம் விழுந்தால், படை சொன்னது மட்டும்தான் தெரியும்.

இரகசியம் காப்பதற்கும் நியாயம் உண்டு. தண்டனைக்குப் பயப்படும் தொழில்நுட்பவியலாளர், திருகாணியை இறுக்க மறந்ததை ஒருநாளும் வாய்திறந்து சொல்லமாட்டார். மூடிய அறையில்தான் உண்மை வரும் என்று படையினர் சொல்வது வெறும் சாக்கல்ல. ஆனால் சாட்சியத்தை மறைப்பது வேறு, முடிவை மறைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே பூட்டில் வைப்பதுதான் சிக்கல்.

அந்தப் பூட்டினால் முதலில் அடிபடுபவர் இறந்த விமானி. 1994 ஜூன் 2 அன்று வட அயர்லாந்திலிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானப்படையின் சினூக் ஹெலிகொப்டர், ஸ்கொட்லாந்தின் கின்டைர் முனையில் பனிமூட்டம் சூழ்ந்த மலையில் மோதியது. 29 பேரும் இறந்தனர். அதில் கறுப்புப் பெட்டியே இருக்கவில்லை. இறந்த விமானி மீது அலட்சியக் குற்றம் சுமத்த இம்மியும் ஐயம் இருக்கக் கூடாது என்பது அந்தப் படையின் சொந்த விதி. அப்படியிருந்தும் இரண்டு உயர் தளபதிகள் இரு விமானிகள் மீதும் கடும் அலட்சியத் தீர்ப்பை எழுதினார்கள். அந்த ரகத்தின் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் மீது ஐயம் கொண்டு, படையின் சோதனை விமானிகளே விபத்துக்கு முந்திய நாள் பறப்பதை நிறுத்தியிருந்தார்கள்! 2011இல்தான் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. உறவினர்கள் விடாமல் கதவைத் தட்டாதிருந்தால் அதுவும் நடந்திராது.

குன்னூர் விபத்திலும் இதன் சாயல் தெரிகிறது. 2021 டிசம்பர் 8 அன்று இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற எம்ஐ-17 நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது; 14 பேர் மாண்டனர். எதிர்பாராது மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து விமானி திசையுணர்வு இழந்தார், இதில் அலட்சியம் இல்லை என்று அடுத்த மாதம் விமானப்படை சொன்னது. 2024இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் அதே விபத்தின் காரணம் 'மனிதப் பிழை' என்று சுருங்கிவிட்டது. முதல் விளக்கத்திலிருந்து இன்னொரு விமானி பாடம் கற்கலாம். இரண்டாவதில் கற்பதற்கு எதுவுமில்லை, இறந்தவரின் பெயர் கெடுவதைத் தவிர.

அடுத்து, கீழே வாழும் மக்கள். 2023 ஓகஸ்டில் சீனக்குடாவிலேயே இன்னொரு பிடி-6 விழுந்து இருவர் இறந்தனர். இரண்டு விபத்துக்கும் தொடர்பிருக்கிறதா என்பது கந்தளாய் வயலில் நிற்பவருக்கும் உரிய கேள்வி. அவர் போர் இரகசியத்தைக் கேட்கவில்லை. தவறியது இயந்திரமா, பயிற்சியா, ஒரு நொடி முடிவா, அதன்பின் எது திருத்தப்பட்டது என்பதற்கு இரண்டு பக்கம் போதும்.

அதைக் கேட்க வழியும் உண்டு. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்புக்குத் தீங்கு தரும் தகவலை மறுக்க அனுமதிக்கிறது. ஆனால் பொதுநலன் அத்தீங்கை விஞ்சினால் கொடுத்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. மேன்முறையீட்டில், மறுத்தது சரியே என்று காட்டும் பொறுப்பு மறுத்தவருடையது. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இறந்தவரின் உறவினராக இருக்க வேண்டியதுமில்லை.