திரும்பும் ஒளி

தேவாரத்திலிருந்து பண்ணைப்புரம் செல்லும் சாலையில் இரவில் போவோர் கண்டிருப்பர். முன்னே செல்லும் மிதிவண்டி இருளில் தெரிவதில்லை. நம் வண்டியின் விளக்குப் பட்டதும், அதன் மட்கார்டில் பதித்த சிவப்பு ரிப்ளெக்டர் தணலாய் ஒளிர்கிறது. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. சாதாரணக் கண்ணாடி, சாய்ந்து வரும் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். இதிலோ, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கூடும் நுண்ணிய மூலைகள் பல உள்ளன. அவற்றில் நுழையும் ஒளி மூன்று முறை மோதி, வந்த திசைக்கே மீள்கிறது. வழியோரம் நிற்பவர் அதைக் காண்பதில்லை. விளக்கோடு வருபவரே காண்கிறார்.

அண்மையில், படுக்கையில் கிடக்கும் மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். ஏலத்தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்தவர். “சாமி, ஒண்ணுக்கும் ஒதவாமக் கெடக்கேன். ஆண்டவர் என்னைய இன்னும் எதுக்கு வச்சிருக்காரு?” என்றார்.

செயல்தான் மனிதரின் மதிப்பு என்றால், இக்கேள்விக்கு விடையே இல்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய நம் விக்ரம் கலம், செப்டம்பர் தொடக்கத்தில் உறங்க வைக்கப்பட்டது, பின்னர் விழிக்கவேயில்லை. ஆனால் அதன்மேல் நாசா அளித்த சிறு கருவி ஒன்று உண்டு. 5 செ.மீ. அகலம், எட்டுப் பட்டகங்கள், மின்சாரம் வேண்டாதது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று, நிலவைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலம் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சியது. உறங்கிய கலத்திலிருந்து ஒளி திரும்பியது.

செய்ய இயலாதவரும் மறுமொழி தர இயலும். நினைவிழந்து கிடப்போரிடமிருந்து எதுவும் திரும்பவில்லை என்று நாம் எண்ணலாம். வழியோரம் நிற்பவரின் தீர்ப்பு அது. ஒளியை அனுப்பிய இறைவனே அறிவார்.

இத்துடன் முடித்தால் மலிவான ஆறுதலாகிவிடும். ஒளியைப் பாய்ச்சுவார் இல்லையேல் பட்டகமும் வெறும் கல்லே. அம்மூதாட்டியின் இல்லத்திற்கு நான் சென்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தாம் உதவாதவர் என்ற எண்ணம் அவருக்குத் தானாகவா வந்தது? செல்லாதிருந்த நாமல்லவா அதைக் கற்பித்தோம்?

நற்கருணை வாங்கிக் கைகூப்பியவர், நான் எழும்போது சொன்னார்: “வெயில்ல வந்திருக்கீங்களே, மோர் குடிச்சிட்டுப் போங்க சாமி.”

கொண்டு சென்ற ஒளி திரும்பிவிட்டது. இருள் என் பக்கம்தான் இருந்திருக்கிறது.