பூட்டிய கதவும் அயலவரும்

அயலவனுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அக்கடமை எங்கே முடிகிறது? என் பிள்ளையின் மூச்சுக்காற்றைப் பங்கிட வேண்டி வரும்போதும் அது தொடருமா?

இக்கேள்வியை எழுப்பும் தொலைக்காட்சி நாடகம் ஒன்றுண்டு. 'த டுவைலைட் ஸோன்' தொடருக்காக ரொட் சேர்ளிங் எழுதிய 'த ஷெல்டர்' அது. 1961 செப்டம்பர் 29இல் அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. பேர்லின் நெருக்கடி முற்றியிருந்த காலம். அவ்வாண்டு ஜூலை 25இல் சனாதிபதி கெனடி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், சிவில் பாதுகாப்புக்கென 20 கோடி 70 இலட்சம் டொலரைக் கோரப்போவதாகக் கூறியிருந்தார். அணுக்குண்டுக்கு அஞ்சி வீட்டு நிலவறையில் புகலறை கட்டுவது பேச்சாகியிருந்தது.

டொக்டர் ஸ்டொக்டனின் பிறந்தநாளுக்கு அயலவர் கூடிப் புகழ்கிறார்கள். அவர் இரவில் சுத்தியலடித்துப் புகலறை கட்டியதைக் கேலியும் செய்கிறார்கள். அப்போது வானொலி அபாய அறிவித்தல் விடுக்கிறது. மனைவி, மகனுடன் அவர் உள்ளே சென்று கதவைப் பூட்டுகிறார். இடமும் காற்றும் மூவருக்கே. வெளியே நின்றவர்கள் கெஞ்சுகிறார்கள். பின் தமக்குள்ளே மோதி, இறுதியில் கதவையே உடைக்கிறார்கள். அக்கணத்தில் வானொலி, வந்தவை வெறும் செய்மதிகளே என்கிறது.

டொக்டர் செய்தது சரியா? நாடகம் ஒளிபரப்பான மறுநாள் திகதியிட்ட 'அமெரிக்கா' என்ற கத்தோலிக்க சஞ்சிகையில் இயேசு சபைக் குருவான மக்ஹியூ இதே பிரச்சினையை எழுதினார். புகலறைக்குள் புக முயல்வோரைப் பலாத்காரத்தாலும் தடுக்கலாம் என்பது அவர் கருத்து. அது பெரும் சர்ச்சையாயிற்று.

என் உயர்தர வகுப்பில் இக்கதையைச் சொன்னால் மாணவர் டொக்டரைப் பற்றியே வாதிடுவார்கள். வைஸைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வைஸ், கதவுக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர்; வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அந்த நெருக்கடியில் இன்னோர் அயலவர் அவரை அந்நியன் என்று ஏசி, முகத்தில் குத்துகிறார். கதவை உடைக்கக் குழாய் எடுக்க அடுத்த தெருவுக்குப் போகலாமா என்ற பேச்சு வரும்போது, அத்தெருவாருக்கு இங்கே உரிமையில்லை என்கிறார்கள். தாமே உள்ளே இடமற்றவர்கள். அதற்குள் தமக்கும் ஓர் எல்லை போட்டுவிடுகிறார்கள்.

என் பார்வையில் நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூவருக்கான காற்றை எத்தனை பேர் பங்கிடுவது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. நல்ல மனிதர் இருவர் அதற்கு இருவேறு விடை சொல்லலாம். வைஸை அடிக்கலாமா என்பதில் அப்படி எந்தச் சிக்கலும் இல்லை. அந்த அடியால் ஒரு பிள்ளையும் பிழைக்கப் போவதில்லை. உடைந்த கதவும் எவரையும் காக்காது. கடினமான கேள்வி ஒன்று முன்னே நிற்பதை அனுமதியாகக் கொண்டு, எளிதான கேள்விகளிலும் நாம் தவறிவிடுகிறோம்.

ஆபத்து நீங்கியதும் அயலவர் சேதத்துக்குப் பணம் தருவதாகவும், தெருவில் விருந்து வைப்பதாகவும் சொல்கிறார்கள். டொக்டரோ, குண்டு விழாமலே நாம் அழிந்துவிட்டோமோ என்று ஐயுறுகிறார். கதவை மரவேலைக்காரர் திருத்திவிடலாம். அடுத்த நாள் காலையில் வைஸ் அந்தத் தெருவில் எவர் முகத்தைப் பார்ப்பார்?