துண்டுப் பட்டியலும் தேவையின் அளவும்

வீணாக்காமை அறத்தைச் சேர்ந்ததா, கணக்கைச் சேர்ந்ததா என்னும் வினா பழையதே ஆயினும், பெங்களூரின் மரவேலைக் கூடங்களில் அது இன்று புதிய வடிவில் எழுந்து நிற்கிறது. பீனியாவிலும், துமகூரு சாலையில் நெலமங்கலம் வரை நீளும் தொழிற்பகுதியிலும், சமையலறை அலமாரிகளும் துணி அலமாரிகளும் செய்யும் கூடங்களில், பலகையின் மேல் வாள் படுவதற்கு முன்பே அந்தப் பலகை கணினித் திரையில் முழுவதுமாக அறுக்கப்பட்டுவிடுகிறது. வடிவமைப்பு மென்பொருளில் அலமாரியின் உருவம் வரையப்பட்டதும், அதன் பக்கப் பலகைகள், தட்டுகள், கதவுகள், இழுப்பறைகள் ஆகியவற்றின் நீள அகலங்கள் ஒரு பட்டியலாக வெளிவருகின்றன. தொழிலில் 'கட்டிங் லிஸ்ட்' எனப்படும் இத்துண்டுப் பட்டியலை மற்றொரு நிரல் வாங்கி, எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகைகளின் மேல் அத்துண்டுகளை எப்படி அடுக்கினால் கழிவு குறையும் என்று கணித்துத் தருகிறது. இச்செயலில் மனித முயற்சி எவ்வளவு மிச்சமாகிறது என்பது தொழில் நூல்களுக்கு உரிய செய்தி. மிச்சப்படுத்துவது யார், எதன்பொருட்டு, எந்த எல்லைக்குள் என்பவையே மெய்யியல் கேட்க வேண்டியவை.

கணக்கின் இயல்பை முதலில் தெளிவுபடுத்துவது நல்லது. சந்தையில் கிடைக்கும் பிளைவுட் பலகை 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்டது. வட்டவாள் தன் தடிமன் அளவுக்கு மரத்தைத் தூளாக்கிக்கொண்டே செல்வதால், ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. வரை இழப்பு உண்டு. பக்கப் பலகைகளின் நீளம் 2100 மி.மீ., அகலம் 608 மி.மீ., வாளின் இழப்பு 4 மி.மீ. என்று கொண்டால், ஒரே பலகையின் அகலத்தில் இரண்டு துண்டுகள் இம்மியும் பிசகாமல் அமைகின்றன; நீளவாக்கில் 336 மி.மீ. பட்டை ஒன்று எஞ்சுகிறது. அகலத்தை 610 மி.மீ. என்று வைத்தால், முதல் துண்டு போக 606 மி.மீ. மட்டுமே நிற்பதால், 4 மி.மீ. குறைவின் காரணமாக இரண்டாவது துண்டுக்கு வேறொரு பலகையை எடுக்க நேர்கிறது. இத்தகைய கணக்கில் துண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அடுக்கும் வகைகள் பெருகி, மிகச் சிறந்த அடுக்கு இதுதான் என்று எல்லா நேர்வுகளிலும் விரைந்து உறுதிசெய்யும் வழி எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆதலால் மென்பொருள் தருவது பெரும்பாலும் நல்ல விடையே அன்றி, இதற்கு மேல் இல்லை என்று நிறுவப்பட்ட விடை அன்று.

இக்கணிதத்தின் பிறப்பே பிளைவுட்டோடு தொடர்புடையது என்பது குறிப்பிடத்தக்கது. லெனின்கிராடில் பிளைவுட் தொழிலின் ஆய்வுக்கூடம் ஒன்று, மூலப்பொருளை எந்திரங்களுக்கிடையே எவ்வாறு பகிர்வது என்னும் சிக்கலை லியோனிட் கந்தோரோவிச் என்னும் இளம் கணிதவியலாளரிடம் கொண்டுவந்தது. அதிலிருந்து விரிந்த சிந்தனையை அவர் 1939-இல் சிறு நூலாக வெளியிட்டபோது, பொருள்களைக் கழிவு குறைய வெட்டும் சிக்கலும் அதில் இடம்பெற்றது. 1961-இல் கில்மோர், கோமொரி என்னும் இருவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபடி இதனைக் கணினிக்கு ஏற்ற முறையாக வளர்த்தனர். 1975-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்ற கந்தோரோவிச்சின் சிந்தனையில் ஒரு கூறு இங்கே இன்றியமையாதது. அவருடைய முறையில் ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளுக்குள் உறைவதில்லை. எந்தத் தேவைகளின் தொகுதிக்குள் அது வைக்கப்பட்டிருக்கிறதோ அத்தொகுதியிலிருந்தே பிறக்கிறது. அதன்படி, மேலே கண்ட 336 மி.மீ. பட்டை மரத்தின் இயல்பால் கழிவு ஆவதில்லை. இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லாமையால் கழிவு ஆகிறது. அடுத்த வீட்டுப் பட்டியலில் அதுவே இரண்டு இழுப்பறைகளின் முகப்பாகக்கூடும். கழிவு என்பது பொருளின் பண்பு அன்று, பொருளுக்கும் பட்டியலுக்கும் உள்ள உறவே என்னும் இம்முடிவு சமயச் சிந்தனைக்கும் பெரிதும் பயன்படுவது.

இந்தியச் சிற்ப மரபு மரத்தை அணுகிய முறை இதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில், தெய்வ உருவம் செய்வதற்கான மரத்தைத் தேடிக் காட்டுக்குள் செல்வதைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. சுடுகாட்டில் நின்ற மரம், பறவைகள் கூடு கட்டிய மரம் போன்றவற்றை விலக்க வேண்டும் என்றும், வெட்டுவதற்கு முன் பூசையிட்டு, அம்மரத்தில் உறையும் உயிர்களை வேறிடம் செல்லுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மரம் நின்றபோது எந்தப் பக்கம் எந்தத் திசையை நோக்கியிருந்தது, எது அடி, எது நுனி என்பவற்றைக் குறித்துவைத்து, உருவம் நிறுவப்படும்போதும் அவ்வமைப்பு மாறாமல் காக்க வேண்டும் என்பதும் அதன் விதி. மரம் வெட்டப்பட்ட பின்னும் தான் நின்ற நிலையைத் தன்னுள் தாங்கியிருக்கிறது, ஆகவே அதைப் பயன்படுத்துபவன் அந்நிலைக்குக் கட்டுப்பட்டவன் என்னும் கருத்தே இவ்விதிகளின் அடித்தளம்.

வெட்டுத் திட்ட மென்பொருளில் இதன் மெல்லிய எச்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, மரத்தின் ரேகை எந்த வாக்கில் ஓட வேண்டும் என்று குறிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால், நிரல் அத்துண்டைத் திருப்பிப்போட்டு இடத்தை மிச்சப்படுத்த முயலாது. கதவுகளில் ரேகை மேலிருந்து கீழாக ஓடினால்தான் கண்ணுக்கு இசையும் என்பதால் வடிவமைப்பாளர் இக்கட்டுப்பாட்டை விரும்பி ஏற்று, சற்றுக் கூடுதலான கழிவுக்கும் உடன்படுகிறார். ஆயின் நிரல் அறிவது நீளவாக்கு, அகலவாக்கு என்னும் இரண்டையே. அடி எது, நுனி எது என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. பிளைவுட் என்பதே, மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்குநெடுக்காக ஒட்டி, மரத்தின் திசைச் சார்பை இயன்றவரை நீக்கிச் செய்யப்படுவது. எல்லாப் பகுதியும் ஒரே தன்மை உடையதாக ஆக்கப்பட்ட பொருளின் மேல்தான் இக்கணக்கு தடையின்றி ஓடும். முடிச்சும் வெடிப்பும் வளைவும் உடைய தேக்குக் கட்டையின் முன் அது பெரிதும் தயங்குகிறது.

மரம் பலகையாக மாறிய வரலாற்றின் இரு முனைகளையும் பெங்களூரில் காணலாம். 1938-இல் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1988-இல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்த மல்லேஸ்வர வளாகம் மரத்தை மரமாகவே ஆராய்ந்து வருவது. இத்தாலிய நிறுவனமான பியெஸ்ஸேயின் கூட்டுறவோடு, கணினி வழி இயங்கும் எந்திரங்களில் இளைஞர்களைப் பயிற்றும் மையமும் அங்கேயே உள்ளது. 1962-இல் தோன்றிய இந்தியப் பிளைவுட் தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் துமகூரு சாலையில் அமைந்தது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை காட்டு மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பின், பிளைவுட் ஆலைகள் தைலமரம், சில்வர் ஓக், ரப்பர், பாப்லர் போன்ற தோட்ட மரங்களைப் பெரிதும் நாடலாயின. வராகமிகிரர் கூறிய வேண்டுதலுக்கு உரிய காடு, பலகையை வாங்குபவரின் கண்ணிலிருந்து இவ்வாறு மறைந்தது. மறைந்தது காடே அன்றிக் கடமை அன்று. பழைய தச்சுப் பட்டறையில் எஞ்சிய கட்டை ஆப்பாகவும் விறகாகவும் பயன்பட்டது. பசையால் ஒட்டப்பட்ட பிளைவுட் துண்டை அடுப்பில் இடுவது தீங்கானது, மண்ணும் அதை எளிதில் ஏற்பதில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் சேர்த்தது. ஆகவே கழிவைக் குறைக்கும் கணக்கு முன்னெப்போதையும்விட இன்று வேண்டப்படுவதே, அதை இகழ்ந்து பேசுவது பொறுப்பற்ற செயல்.

அக்கணக்கின் எல்லை எங்கே என்று கேட்கும்போதுதான் மெய்யியல் சிக்கல் தொடங்குகிறது. சைவ சித்தாந்தம் ஒரு செயலுக்கு மூன்று காரணங்களைக் கூறும்: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். முதற்காரணம் என்பது காரியமாகத் தானே மாறும் பொருள். துணைக்காரணம் அம்மாற்றத்துக்கு உதவும் கருவி. நிமித்த காரணம் அறிந்து, விரும்பி, செய்யும் அறிவுடைய கருத்தா. இவ்வகுப்பில் மென்பொருள் துணைக்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயுத பூசை நாளில் பெங்களூர்க் கூடங்களில் வாளுக்கும் இழைப்புளிக்கும் அருகில் கணினிக்கும் குங்குமம் இடப்படுவது அவ்வுணர்வின் வெளிப்பாடே. ஆயினும் திரிகை குயவனிடம் குடத்தின் வாயைக் குறுக்கச் சொல்வதில்லை. மென்பொருளோ 610 என்னும் அளவு இரண்டாம் பலகையைக் கேட்கிறது என்று காட்டுகிறது. வடிவமைப்பாளர் அதை 608 ஆக்குகிறார். அளவைத் தீர்மானித்தது யார்? விருப்பம் மனிதனுடையதே எனினும், அவ்விருப்பம் பலகையின் அளவுக்கும் வாளின் தடிமனுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டுவிட்டது.

அளவை இவ்வாறு திருத்துவது தன்னளவில் குற்றம் ஆகாது. சிற்ப நூல்களின் ஆயாதிக் கணிதம் செய்ததும் அதையே. வீட்டின் சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து வரும் மீதியே யோனி எனப்படும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்பட மீதி நின்றால் நன்று என்றும், இரட்டைப்பட நின்றால் அளவைச் சிறிது கூட்டியோ குறைத்தோ ஒற்றைப்படையாக்க வேண்டும் என்றும் மரபு கூறும். ஆயம் என்னும் வரவு வியயம் என்னும் செலவை விஞ்ச வேண்டும் என்பது மற்றொரு விதி. இக்கணக்குகளின் பலன் மெய்யா என்பது இங்கு வழக்கு அன்று. அங்கும் மீதியே அளவை ஆண்டது, இங்கும் மீதியே ஆள்கிறது. ஆனால் ஆயாதி கேட்டது, அளவு குடியிருப்பவனுக்கு இசைகிறதா என்பதை. வெட்டுத் திட்டம் கேட்பது, பட்டியல் பலகைக்கு இசைகிறதா என்பதை. குடியிருப்பவன் இரண்டாவது கணக்கில் எங்கும் வருவதில்லை.

இந்த இடத்தில் கன்னட நாட்டின் வசன மரபு தரும் வெளிச்சத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்து திரண்ட சரணர்கள் என்னும் சிவனடியார்கள், உழைப்பையே வழிபாடாகக் கொள்ளும் காயகம், அதன் பயனைப் பகிர்ந்தளிக்கும் தாசோகம் என்னும் இரண்டையும் நெறியாக வகுத்தனர். அவர்களுள் ஆய்தக்கி மாரய்யா, சிந்திய அரிசி மணிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதையே தம் காயகமாகக் கொண்டவர். ஒருநாள் அவர் வழக்கத்தினும் மிகுதியான அரிசியைக் கொண்டுவந்தபோது, அவர் மனைவி லக்கம்மா, தேவைக்கு மிஞ்சியதை ஏன் எடுத்தீர் என்று இடித்துரைத்து, மிகுதியைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் செய்தார் என்று மரபு கூறுகிறது. மாரய்யா எதையும் வீணாக்கவில்லை என்பது எண்ணத்தக்கது. வீணாகக் கிடந்ததையே அவர் மீட்டெடுத்தார். வெட்டுத் திட்ட மென்பொருள் அன்று இருந்திருந்தால் அவர் செயலுக்கு நூற்றுக்கு நூறு அளித்திருக்கும். லக்கம்மா ஆராய்ந்தது மணிகள் சேகரிக்கப்பட்ட திறத்தை அன்று, எத்தனை மணிகள் வேண்டும் என்னும் தொடக்க அளவை.

மென்பொருள் ஒருபோதும் ஆராயாத இடம் அதுவே. துண்டுப் பட்டியல் அதற்கு முன்னமே முடிவானது. அப்பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கும் ஆற்றல் அதற்குத் தரப்படவில்லை. அதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்றும் உண்டு. நிரல் தன் வெற்றியைப் பலகையின் பரப்பில் எத்தனை விழுக்காடு பயன்பட்டது என்று அளக்கிறது. எஞ்சிய 336 மி.மீ. பட்டையில், எவரும் கேட்காத ஒரு தட்டைப் பட்டியலில் புதிதாகச் சேர்த்து அறுத்துவிட்டால், விழுக்காடு உடனே உயர்கிறது, மிச்சமானதோ ஒன்றுமில்லை. பின்னொருநாள் பயன்படக்கூடிய முழுப் பட்டை தேவையற்ற தட்டாக மாறியதே நிகழ்ந்தது. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரங்கள் நிலக்கரிச் செலவைக் கூட்டவே செய்யும் என்று 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் இங்கிலாந்தைப் பற்றி எழுதியதும் இதன் உறவுடையதே. சிக்கனம் தேவையின் அளவை உள்ளடக்காதபோது, அது பெருக்கத்தின் பணியாளாகிவிடுகிறது.

தாசோகத்தின் கூறு மென்பொருளுக்கு முற்றிலும் அயலானது என்று கூறிவிட முடியாது. எஞ்சிய துண்டுகளின் அளவுகளைப் பதிந்துவைத்து, அடுத்த பட்டியலுக்குப் புதுப் பலகையை எடுக்கும் முன் அவற்றைப் பயன்படுத்தும் வசதி பல நிரல்களில் உண்டு. ஒரு வீட்டின் கழிவு மற்றொரு வீட்டின் பொருளாகும் என்னும் உண்மையைச் செயலாக்குவது இவ்வசதி. அதன் எல்லை ஒரு கூடத்தின் சுவர். அடுத்த கூடத்துக்கு அப்பதிவு செல்வதில்லை. செல்லும்படி செய்வதில் கணித இடர் எதுவுமில்லை. அதற்கு வேண்டியது உடைமை உணர்வைச் சற்றுத் தளர்த்துவதே, அதைத்தான் சரணர்கள் நெறியாகக் கேட்டனர்.

லக்கம்மாவின் கேள்வியைப் பெங்களூர்க் கூடத்தில் எழுப்புவோர் ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். பட்டியல் குறுகினால் தச்சரின் வேலை குறுகும். உழைப்பையே வழிபாடு என்ற மரபு உழைப்பைப் பறிக்கலாமா? இம்மறுப்பைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் இந்நகரின் உள்அலங்கார வேலைகளில் கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது என்பதை இங்கே கருத வேண்டும். பலகையின் பரப்போடு கூலி பிணைக்கப்பட்டிருக்கும்வரை, குறைத்துச் செய்யச் சொல்லும் தச்சர் தம் சோற்றைத் தாமே குறைத்துக்கொள்கிறார். பழைய அலமாரியின் கீலை மாற்றிச் செப்பனிடும் வேலைக்கு நாட்கூலி பேசப்படுவதால், அங்கே பட்டியல் சிறுத்தாலும் உழைப்பின் மதிப்பு சிறுப்பதில்லை. காயகம் உழைப்பை அது தின்னும் பொருளின் பரப்பால் அளந்ததில்லை. மாரய்யாவின் மிகுதி அரிசி திரும்பிச் சென்ற பின்னும் அவருடைய காயகம் குறைபட்டதாக லக்கம்மா கருதவில்லை. ஆகவே தேவையின் அளவைப் பற்றிய கேள்வி வீட்டுக்காரரின் மனச்சான்றோடு நின்றுவிடாமல் கூலியின் வடிவத்தையும் தொட வேண்டியதாகிறது. சதுர அடிக்குப் பதிலாக எதைக் கொண்டு தச்சரின் நாளை அளப்பது என்பதை வகுக்காமல் பட்டியலைக் குறைக்கச் சொல்வது, கழிவின் சுமையைப் பலகையிலிருந்து தச்சரின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும்.