காக்காப் பொன்னும் ஊதா மையும்

ஊதா மைகளுள் எது அழகானது என்று யாரேனும் கேட்டால் என்னால் ஓரளவு துல்லியமாகவே பதில் சொல்ல முடியும். ஊற்றுப் பேனையைக் கைவிடாத சிலருள் நானும் ஒருவன். கணினித் தட்டச்சு வந்து இத்தனை காலமாகியும் கட்டுரையின் முதற் பிரதியைக் கையால் எழுதும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அண்மைக் காலமாக மினுங்கும் மைகள் மீதும் ஒரு பிரியம் உண்டாகியிருக்கிறது. ஆனால், ‘எது அழகானது’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘எது நல்லது’ என்ற மற்றொரு கேள்வியும் வந்து உட்கார்ந்து கொள்கிறது. இவை இரண்டும் ஒரே கேள்விதானா என்பதே இங்கு நான் யோசித்துப் பார்க்க விரும்புவது.

முதலில் அழகைப் பார்ப்போம். இங்கிலாந்தின் டயமைன் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் மினுங்கும் மைகளின் வரிசையொன்றை வெளியிட்டது. அதிலுள்ள ‘பர்பிள் பஸாஸ்’ பொன்னிறத் துகள் கலந்த ஊதா. பிரான்சின் ஹெர்பின் நிறுவனம் 2017 இல் கொண்டு வந்த ‘அமெதீஸ்ட் த லூரால்’ வெள்ளித் துகள் கலந்த கரு ஊதா. ஊரல் மலைகளின் செவ்வந்திக் கல்லின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தாளில், ஒரே அகலமான கூரினால் எழுதி, வெயிலில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். நிறச் சக்கரத்தில் ஊதாவுக்கு எதிரே நிற்பது மஞ்சள். ஆதலால் பொன் துகள் எழுத்தை விட்டு வெளியே எழுந்து நிற்கிறது. எழுதப்பட்டதைப் படிப்பதற்கு முன்னரே கண்ணை இழுத்து விடுகிறது. வெள்ளித் துகளோ ஊதாவுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. தாளைச் சற்றுச் சரிக்கும்போது மாத்திரம் மேலே வருகிறது. பெருநாள் வாழ்த்து மடல் எழுதப் பொன் பொருந்தும். நண்பருக்குக் கடிதம் எழுத வெள்ளியே பொருந்தும். என்னைக் கேட்டால் வெள்ளியின் பக்கமே நிற்பேன். தன்னை முன்னிறுத்தாத அலங்காரம் எழுத்துக்கு அடங்கியிருக்கிறது.

இந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது? சாதாரண மையில் சாயம் நீரில் கரைந்திருக்கும். மினுங்கும் மையில் அதனுடன் கரையாத நுண்ணிய தகடுகளும் மிதக்கின்றன. இவை பெரும்பாலும் மைக்காவினால் ஆனவை. அவற்றின் மீது தைத்தேனியம் ஈரொட்சைட்டு மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முத்தின் ஒளியைத் தருகின்றன. இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்தால் பொன்னிறம் கிடைக்கிறது. தகடுகள் நீரை விடப் பாரமானவை. போத்தலின் அடியில் படிந்து விடுகின்றன. எனவே எழுதுமுன் குலுக்க வேண்டும். கவனியாது விட்டால் பேனையின் மைவழி அடைத்துக் கொள்ளும். இன்னொரு விடயமும் உண்டு. ஊதாச் சாயங்கள் பல வெளிச்சத்தில் மங்கிப் போகக் கூடியவை. மைக்கா மங்குவதில்லை. வருடங்கள் கழிந்து சொல் மறைந்த பின்னரும் அதன் மினுக்கம் தாளில் எஞ்சியிருக்கலாம்.

மைக்காவுக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: காக்காப் பொன். இது பொன்னல்ல, பொன்னைப் போல மின்னுவது மட்டுமே என்ற எச்சரிக்கை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஊதாவின் வரலாறே விலை கொடுத்த வரலாறுதான். பழைய தீர் நகரத்தின் ஊதாச் சாயம் கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1909 இல் பௌல் ஃபிரீட்லெண்டர் என்ற இரசாயனவியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து அதிலிருந்து பெற்ற சாயம் வெறும் 1.4 கிராம். அரசர்களின் நிறமாக ஊதா இருந்தமைக்கு இந்தக் கணக்கே காரணம். 1856 இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் குயினினைச் செயற்கையாகச் செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின் ஊதா எல்லோருக்கும் உரியதாயிற்று. சாயம் மலிந்து விட்டது. ஆனால் மினுக்கம் அவ்வாறு மலியவில்லை. அதன் விலையை வேறு யாரோ செலுத்துகிறார்கள்.

அந்த ‘வேறு யாரோ’ பலர் இந்தியாவின் ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களில் இருக்கிறார்கள். கோடர்மா, கிரிடி மாவட்டங்களின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் ‘டிப்ரா’ எனப்படும் மைக்காச் சிதறல்களைக் குடும்பம் குடும்பமாகப் பொறுக்குகிறார்கள். ஒடுங்கிய குழிகளுக்குள் இறங்குவதற்குச் சின்ன உடல்களே வசதி. அங்கு ஏறத்தாழ 22,000 சிறுவர்கள் வரை மைக்கா வேலையில் ஈடுபட்டிருந்ததாக 2016 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வறிக்கை மதிப்பிட்டது. அதே ஆண்டில் ரொய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், இரண்டே மாதங்களில் குறைந்தது ஏழு சிறுவர்கள் மடிந்ததை வெளிக்கொணர்ந்தார்கள். மடகாஸ்கரில் இன்னும் 11,000 சிறுவர்கள் என்றது 2019 இன் அறிக்கை. மைக்காவைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் சில 2017 இல் ஒன்றிணைந்து, 2022 இற்குள் இதை ஒழிப்பதாகக் கூறின. அந்தத் தவணை பின்னர் 2030 இற்குத் தள்ளிப் போடப்பட்டது.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மைக்காவை உலையில் செயற்கையாகவும் ஆக்குகிறார்கள். அழகுசாதன நிறுவனங்கள் சில அதற்கு மாறியும் விட்டன. சுரங்க மைக்காவிலுள்ள கலப்புகள் அதில் குறைவு என்பதால் ஒளியும் தெளிவாக இருக்கும். ஆனால் காய்ந்த எழுத்தை வெயிலில் பிடித்துப் பார்க்கும் என் போன்ற ஒருவருக்கு, இது குழியிலிருந்து வந்ததா உலையிலிருந்து வந்ததா என்று கண்டு சொல்ல இயலாது.

இங்குதான் கேள்வி கூர்மையாகிறது. அநீதியை அறிந்த பின் அழகு போய் விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையானால் எவ்வளவு வசதியாக இருக்கும்! நமது கண்ணே நமக்கு நீதிபதியாகியிருக்கும். ஆனால் அப்படி நடப்பதில்லை. அந்த அறிக்கைகளைப் பற்றி அறிந்த பின்னரும் வெள்ளித் துகள் முன்னைப் போலவே மின்னுகிறது. கண்ணுக்கு மனசாட்சி கிடையாது. எனவே நான் வந்து சேர்ந்த முடிவு இது: அறம் பொருளின் அழகைத் தொடுவதில்லை, அந்த அழகில் நாம் மகிழ்வதற்குள்ள உரிமையையே தொடுகிறது. திருடிய மாம்பழமும் இனிக்கத்தான் செய்யும்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும்.

ஒரு போத்தல் மையில் இருக்கும் மைக்கா எவ்வளவு, ஒரு சிட்டிகை தானே என்பது முதலாவது. மோட்டார் வாகனப் பூச்சிலும் மின்காப்பிலும் உதட்டுச் சாயத்திலும் போகும் மைக்காவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லைதான். ஆனால் பங்கு சிறிதென்றால் குற்றம் சிறிதாகலாம். விசாரித்து அறியும் கடமை சிறிதாவதில்லை.

வாங்குவதை நிறுத்தினால் அந்தக் குடும்பங்களின் அடுப்பும் அணைந்து விடும் என்பது இரண்டாவது. இது பாரதூரமான வாதம். வறுமைதான் பிள்ளையைக் குழிக்குள் இறக்குகிறது. வருமானம் நின்றால் வறுமை கூடும். ஆனால் இந்த வாதம் வாய் மூடி வாங்கிக் கொண்டிருப்பதற்கு அனுமதி தரவில்லை. கேட்டு வாங்கு, பெற்றோருக்கு நியாயமான கூலி கிடைக்கும்படி வாங்கு என்றே அது சொல்கிறது.

மூன்றாவது, அழகும் ஒரு தேவை என்பது. இதை நான் மறுக்க மாட்டேன். 9 ஆம் அல்லது 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீல நிறக் குர்ஆன் பிரதியின் ஏடுகள் பல இன்றும் துனீசியாவில் இருக்கின்றன. அவுரி நீலத் தோலில் பொன்னால் எழுதப்பட்ட எழுத்துக்கள். குர்ஆனைப் பொன்னால் எழுதுவதை வெறுத்தவர்கள் ஆரம்ப கால அறிஞர்களுள் இருந்தார்கள். அது வேதத்துக்குச் செய்யும் கண்ணியம் என்று கருதியவர்களும் பின்னர் இருந்தார்கள். அலங்காரம் பற்றிய நமது விவாதம் அவ்வளவு பழையது. இரு தரப்பினரும் ஒன்றில் உடன்பட்டிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்: அலங்காரம் தன்னை நியாயப்படுத்திக் கொள்ள வேண்டும். மருந்துக்கும் உணவுக்கும் தேவையே நியாயமாக நிற்கிறது. நோயாளியின் மருந்து எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலும் நாம் அதைக் கொடுப்போம். அலங்காரத்துக்கு அந்த அடைக்கலம் இல்லை. அது நமது மகிழ்ச்சிக்காக மட்டுமே இருக்கிறது. ஆகையால் அதன் கைகள் மற்றெதையும் விடச் சுத்தமாக இருக்க வேண்டும். மருந்தின் விடயத்தில் விற்பவரின் மௌனத்தைப் பொறுத்துக் கொள்ளலாம். மினுக்கத்தின் விடயத்தில் அந்த மௌனத்தையே குறையாகக் கொள்ள வேண்டும்.

மினுங்கும் மையை விட்டு விடுவது எனக்குப் பெரிய இழப்பல்ல. பெர்க்கினுக்குப் பின் வெறும் ஊதா மை எங்கும் கிடைக்கிறது. அதில் எழுதினால் வாக்கியங்கள் கெட்டுப் போவதில்லை. இழப்பு இவ்வளவு அற்பமானது என்பதனால்தான் என்னிடம் சாட்டுச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் நான் மட்டும் சத்தமின்றி ஒதுங்கிக் கொண்டால் கிரிடியில் ஒரு குழி கூட மூடப்படப் போவதில்லை. என் கை சுத்தமாகும். அந்தப் பிள்ளையின் கை அப்படியே இருக்கும். ஆகவே வாங்காதிருப்பதை விடக் கேட்பதே மேலான செயல் எனப் படுகிறது. இத்துகள் சுரங்கத்ததா, செயற்கையா? சுரங்கத்ததாயின் எந்தச் சுரங்கம்? பொறுக்கியவருக்குக் கிடைத்த கூலி என்ன? விற்பவரிடம் இவற்றைக் கேட்டு எழுத ஒரு தாள் போதும். எழுதுவதே நமது தொழில் என்று சொல்லிக் கொள்கிறவர்கள் நாம். அந்தக் கடிதத்தை எந்த மையிலும் எழுதலாம்.