ஒரே கூரையின் கீழ்

எமது நண்பர் ஒருவரின் மகளுக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, நண்பரை முதலில் மகிழ்வித்தது படிப்பல்ல. அங்கே ஆண்களுக்கு வேறு விடுதி, பெண்களுக்கு வேறு விடுதி. வார நாட்களில் நள்ளிரவுக்குப் பின்னரும், வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு மணிக்குப் பின்னரும் எதிர்ப்பாலார் எவரும் அறைகளில் நிற்கக்கூடாது. "இந்தக் காலத்திலையும் இப்பிடி ஒரு இடம் இருக்கே அண்ணை?" என்று தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டார். கத்தோலிக்கக் குருமாரின் விதியை, வெள்ளிக்கிழமை முட்டை கூடத் தொடாத ஒரு சைவர் கொண்டாடியது எமக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்து முடிந்த பின்னர் ஒரு கேள்வி மிஞ்சியது. விதி நல்லதாக இருந்து, அதை நாம் விரும்பும் காரணம் மட்டும் கெட்டதாக இருந்தால்? நண்பருக்கு வேண்டியிருந்தது காவல். எம்மவரில் அநேகருக்கு, பெண் பிள்ளைகள் விடயத்தில், வேண்டியிருப்பதும் அதுதான்.

பல்கலைக்கழகம் சொல்லும் காரணம் வேறு. திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த எட்வேர்ட் சொரின் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1842 இல் அதைத் தொடங்கினார். இப்போது முப்பதுக்கு மேற்பட்ட விடுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றாலயம் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளர் மாணவரோடு அங்கேயே குடியிருக்கிறார். அவர் குருவாக இருக்கலாம், கன்னியாஸ்திரியாக இருக்கலாம், துறவறம் பூணாதவராகவும் இருக்கலாம். 1987 முதல் 2005 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்த எட்வேர்ட் மல்லோய் அடிகளார் கூட மாணவர் விடுதியொன்றில்தான் வாழ்ந்தார். முதலாண்டில் யார் எந்த விடுதி, யாருக்கு யார் அறைத்தோழர் என்பதை நிர்வாகமே தீர்மானிக்கிறது. பெரும்பாலோர் விழுந்த விடுதியிலேயே கடைசி வரை இருந்துவிடுகிறார்கள். இங்கே எமக்குப் பிடித்தது இதுதான்: அயலவரை நீ தெரிவு செய்யவில்லை.

நண்பரின் மகளுக்கு வாய்த்தவள் நெப்ராஸ்காவில் சோளம் பயிரிடும் குடும்பத்துப் பெண். ஒரு மேசையில் மாதா, மற்ற மேசையில் பிள்ளையார். வளவுக்குள்ளே லூர்து கெபியைப் பார்த்து 1896 இல் கட்டிய ஒரு கெபி இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் இருவரும் அங்கே மெழுகுதிரி கொளுத்தினார்களாம். நண்பர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தாயார் நேர்த்தி வைத்து மடுவுக்குப் போய் வந்தவர்.

சேர்ந்து வாழ்வதே கல்வி என்பது பழைய வாதம். கார்டினல் நியூமன் 1852 இல் டப்ளினுக்கென எழுதிய உரைகளில் இதைத் துணிந்து சொன்னார். விடுதியே இல்லாமல் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் ஒன்று; எதையும் கற்பிக்காமல் இளைஞர்களை மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக வாழவிட்டு அனுப்பிவிடும் பல்கலைக்கழகம் இன்னொன்று. இவற்றில் இரண்டாவதே மேல் என்றார் அவர். கத்தோலிக்கத் திருச்சபை 2019 இல் அவரைப் புனிதராக்கியது. ஆனால் அவர் மனதில் இருந்தது தாம் வாழ்ந்த ஒக்ஸ்போர்ட். அங்கே கத்தோலிக்கருக்கும் இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. மதச் சோதனைகளைச் சட்டம் நீக்கியது 1871 இல்தான். ஏற்கெனவே ஒத்தவர்கள் ஒன்றாக வாழ்ந்து ஒருவரையொருவர் புரிந்துகொண்டதில் என்ன பெரிய அதிசயம்?

இந்த வாதத்தை நாமும் ஒரு காலத்தில் நம்பினோம். இலங்கையில் நாம் படித்த பல்கலைக்கழகத்திலும் விடுதி வாழ்க்கைதான். பெயர் இங்கே வேண்டாம். சிங்கள நண்பர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரே குழாயடியில் குளித்தோம், பரீட்சைக் காலத்தில் ஒரே தேநீரைப் பகிர்ந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் இரவு, தமிழ் மாணவரைத் தேடி ஒரு கூட்டம் பொல்லுகளோடு மாடிக்கு ஏறியது. எந்தெந்த அறை என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எமது அறை எண்ணைச் சொன்னவன், இரண்டு ஆண்டுகள் எம்மோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன். எம்மை இழுத்துத் தனது அறையில் விட்டுப் பூட்டி, கதவுக்கு வெளியே பாயைப் போட்டுப் படுத்தவனும் அதே மேசையில் சாப்பிட்டவன்தான். சேர்ந்து வாழ்ந்தது இருவருக்கும் ஒரே அறிவைக் கொடுத்திருந்தது: யார் எங்கே படுக்கிறான் என்ற அறிவு. அதை வைத்து என்ன செய்வது என்பதை விடுதி அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. விடுதிப் பொறுப்பாளர் வளவுக்கு வெளியே குடியிருந்தார். அவர் விடிந்த பிறகு வந்தார்.

ஆகவே, நோட்டர் டேமில் பொறுப்பாளர் அதே கூரையின் கீழ் படுக்கிறார் என்று கேட்டபோது, சிற்றாலயத்தையும் நேரக்கட்டுப்பாட்டையும் விட அதுவே எமக்குப் பெரிதாகப் பட்டது. இரவில் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 2018 இல் சேர்ந்தவர்களிலிருந்து ஆறு பருவங்கள், அதாவது மூன்று ஆண்டுகள், வளவுக்குள்ளேயே வாழ்வது கட்டாயமாக்கப்பட்டது. நான்காம் ஆண்டில் வெளியே போகிறவர்களை விடுதி நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கும் திட்டத்தை எதிர்த்து 2019 இல் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நிர்வாகத்தின் கவலை எமக்கு விளங்குகிறது. கதவைத் திறந்துவிட்டால் காசுள்ள பிள்ளைகள் தம்மைப் போன்றவர்களோடு நல்ல வீடு பார்த்துப் போய்விடுவார்கள். நாமும் அதைத்தான் செய்தோம். அகதி முகாமில் ஊர், சாதி பாராமல் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தோம், ஒரே சட்டியில் சமைத்தோம். வேலையும் வீடும் கிடைத்ததும் ஊர்ச்சங்கம் தொடங்கினோம். சம்பந்தம் பேசும்போது அந்தச் சட்டியை எவரும் நினைக்கவில்லை.

என்றாலும் விடுதி வீடாக அமையாத பிள்ளை என்ன செய்யும்? மாடி முழுவதிலும் தனித்த ஒரு கறுப்பினப் பிள்ளை, அல்லது தன் பாலினரையே விரும்பும் ஒரு பிள்ளை. விதிவிலக்குக் கேட்கலாம். கேட்பதானால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தை ஒருவருக்கும் சொல்ல முடியாமல் இருப்பதுதானே அந்தப் பிள்ளையின் துன்பம்? பூட்டிய அறை ஓரிரவு எமது உயிரைக் காத்தது உண்மை. அதே அறையில் மூன்று ஆண்டுகள் இருக்கச் சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? தெரிவு செய்யாத அயலவர் வேண்டும், வெளியேறும் கதவும் வேண்டும் என்கிறோம். கதவு இருந்தால் அயலவர் போய்விடுகிறார். இந்த முடிச்சை எம்மால் அவிழ்க்க முடியவில்லை. அவிழ்த்துவிட்டதாகச் சொல்பவர்களையும் நாம் அவ்வளவாக நம்புவதில்லை.

சென்ற மாதம் நண்பர் மீண்டும் எடுத்தார். மகளுக்கு ஆறு பருவங்களும் முடிகின்றன. இனி வெளியே போகலாம். போகமாட்டாளாம். ஒரு மாடியைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவியாக இருக்க விண்ணப்பித்து, அது கிடைத்தும் விட்டது. தங்குமிடச் செலவு மிச்சம் என்று நண்பருக்குச் சந்தோசம். "இரவிலை பெட்டையள் வந்து கதவைத் தட்டுவினமாம் அண்ணை, எழும்பவேணுமாம். இவள் இஞ்சை பத்து மணிக்கும் எழும்பாதவள்" என்றார்.

அந்த மாடியில் எத்தனை அறைகள் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. மகள் பெயர்களை இப்போதே பாடமாக்கத் தொடங்கிவிட்டாள் என்றார்.