உடலை ஒறுத்தல் அறமாகுமா?

நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயில்வோர் நம் நாட்டு நகரங்களில் பெருகி வருகின்றனர். 2004 ஆம் ஆண்டில் தொடங்கிய மும்பை மாரத்தான் சனவரித் திங்களில் நடைபெறுவதாகலின், மழைக்காலம் முதற்கொண்டே மாகிம், தாதர், ஒர்லிப் பகுதிகளில் விடியுமுன் ஓடுவோரைக் காணலாம். அவர்களுள் பலர் பரிசை நாடி ஓடுபவர் அல்லர். உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்பதே அவர்தம் முதல் நோக்கம். ஓட்டம் எடையைக் குறைக்கும், குறைந்த எடை ஓட்டத்தை விரைவாக்கும் என்று எண்ணி, ஓடும் தொலைவைக் கூட்டிக்கொண்டும் உண்ணும் சோற்றைக் குறைத்துக்கொண்டும் செல்கின்றனர். இதில் அறம் பற்றி ஆராய என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவலாம். இருக்கிறது என்பதை நாம் சற்று வருத்தத்தோடு கற்றுக்கொண்டோம்.

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அலுவலகமொன்றில் எழுத்தர். அகவை 27, எடை 78 கிலோ. ஓராண்டு சூலைத் திங்களில் அவர் மாரத்தானுக்குப் பயிலத் தொடங்கினார். சனவரிக்குள் 65 கிலோவிற்கு இறங்கிவிட வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஆணை. வாரத்திற்கு 50 கிலோமீட்டர் ஓடினார். காலையில் பாலில்லாத தேநீர். நண்பகலில் இரண்டு சப்பாத்தி. இரவில் அன்னை பரிமாறிய தட்டைப் பாதியிலேயே தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். மூன்றே திங்களில் 13 கிலோ இறங்கினார். இலக்கை எட்டிய பின்னும் அவர் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு கிலோ என்றார்.

நாம் அவரைப் பாராட்டினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் செய்து, நாவை வென்றவர், உடலை ஆண்டவர் என்றெல்லாம் புகழ்ந்தோம். இளைஞர்கள் கைதட்டினர். அவருடைய அன்னையார் மட்டும் கைதட்டவில்லை என்பதை அன்று நாம் பொருட்படுத்தவில்லை.

நவம்பரில் அவருக்கு முன்னங்கால் எலும்பில் வலி கண்டது. மூன்று வாரம் அதை மறைத்து ஓடினார். ஒருநாள் விடியலில் கால் ஊன்ற இயலாமல் சாலையோரம் அமர்ந்துவிட்டார். எலும்பில் நுண்முறிவு ஏற்பட்டிருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதன்று. என்ன உண்கிறீர்கள் என்பதே. சனவரி ஓட்டத்தில் நம் இளைஞர் கலந்துகொள்ளவில்லை. அஃது பெரிதன்று. அதன்பின் பல ஞாயிறுகள் அவர் சங்கத்திற்கே வரவில்லை. நாம் இல்லம் தேடிச் சென்றபோது, “எடை திரும்பிவிட்டது ஐயா, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. அவர் எலும்பை நாம் முறிக்கவில்லை. ஆயினும் அவர் நம்மிடம் வர நாணும்படி செய்தது நாமே.

ஆகவே ஆராய வேண்டிய வினா இது. தன் உடலைப் பசியிட்டு வருத்துவது தன்னடக்கமா, அன்றி அடக்கத்தின் ஆடை அணிந்த வன்முறையா?

முதலில் உண்மை நிலையை அறிவோம். ஓடுபவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் அதை ஓடி முடித்தால் ஏறத்தாழ 2700 கிலோகலோரி செலவாகும். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றலோ ஏறத்தாழ 7700 கிலோகலோரி. அதாவது, முழு மாரத்தானின் செலவு ஒரு கிலோ கொழுப்பில் மூன்றிலொரு பங்கை விடச் சற்றே மிகுதி. ஓடி முடித்தவுடன் எடைக்கருவி இரண்டு கிலோ குறைவாகக் காட்டினால், குறைந்தது பெரும்பாலும் வியர்வையாய்ப் போன நீரே. குடித்தால் அது திரும்பிவிடும். ஓட்டத்தால் எடை குறையும். ஆனால் மெல்லக் குறையும். அந்த மெதுவைப் பொறுக்காதவர்தாம் தட்டின்மீது கை வைக்கின்றனர்.

ஓடும் தசை விரும்பி எரிக்கும் பொருள் சோறு முதலியவற்றிலிருந்து வரும் சர்க்கரை. தசையிலும் ஈரலிலும் அதைச் சேமித்து வைக்கலாம்; சேமிப்பின் அளவோ ஏறத்தாழ 2000 கிலோகலோரிதான். அதனாலேயே முப்பது கிலோமீட்டரைக் கடந்ததும் பலர் சுவரில் மோதியவர்போல் தளர்ந்துவிடுகின்றனர். உணவைக் குறைத்தவர் அச்சேமிப்பு நிறையாமலே ஓடத் தொடங்குகிறார். எடை குறைந்தவர் விரைவாக ஓடுவார் என்பது ஓரளவு மெய்யே. ஆனால் பட்டினியில் குறைவது கொழுப்பு மட்டுமன்று; ஓட வேண்டிய தசையும் கரைகிறது.

இதைவிடப் பெரிய கேடும் உண்டு. ஓட்டத்திற்குச் செலவானது போக எஞ்சும் ஆற்றல் போதாதபோது, உடல் தன் இல்லறச் செலவுகளைச் சுருக்குகிறது. எலும்பைப் புதுப்பித்தல், நோயை எதிர்த்தல், இனப்பெருக்கத்திற்குரிய சுரப்புகள் ஆகியவற்றில் அது கை வைக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடுகிறது, எலும்பு மெலிகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 ஆம் ஆண்டில் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டு, இது பெண்களுக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் நேர்வது என எடுத்துரைத்தது. நம் இளைஞருக்கு நேர்ந்ததை மருத்துவர் விளக்கியதும் இவ்வாறே. ஓட்டம் எலும்பில் நாள்தோறும் சிறு பழுதுகளை உண்டாக்கும். உணவும் உறக்கமும் அவற்றைப் பழுதுபார்க்கும். இவர் பழுதை மட்டும் வளர்த்துப் பழுதுபார்ப்பவனுக்குக் கூலி கொடுக்க மறுத்துவிட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தன் உடலைத் தான் விரும்பியவாறு வருத்திக்கொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா? மேலான நோக்கத்திற்காகப் பசி பொறுத்தவர்களை உலகம் போற்றவில்லையா? போற்றியதுண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஓர் ஆய்வுக்கு உட்பட்டனர். அவர்கள் மனச்சான்றின் பொருட்டுப் போரிட மறுத்தவர்கள். போரினால் பட்டினி கிடக்கும் மக்களுக்கு எவ்வாறு உணவளித்து உயிரூட்டுவது என்பதை அறியவே அந்த ஆய்வு. 1945 இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கிலோகலோரி உணவே தரப்பட்டது. வாரத்திற்கு 35 கிலோமீட்டர் அவர்கள் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால் பங்கை இழந்தனர். எடை மட்டுமா போயிற்று? சிரிப்புப் போயிற்று. சினமும் சோர்வும் மிகுந்தன. நாள் முழுதும் உணவைப் பற்றியே எண்ணினர்; சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். உள்ள உறுதியில் எவர்க்கும் குறையாத அவர்களுக்கே இது நேர்ந்தது எனில், பசித்தவன் சிந்தை சிதறுவது அவன் ஒழுக்கக் குறைவால் அன்று என்பது விளங்கும்.

அவர்கள் பசியையும் நம் இளைஞர் பசியையும் ஒன்றாகக் கருதலாகாது. அவர்களுடைய பசி பிறர் பொருட்டு ஏற்றது. அதற்கு முடிவு நாள் குறிக்கப்பட்டிருந்தது. காத்து நிற்க மருத்துவர் இருந்தனர். தம் உடலை வெறுத்து அவர்கள் அதை ஏற்கவில்லை. நம் இளைஞரின் பசிக்கு முடிவு நாள் இல்லை. 65 வந்ததும் 63 என்றது. இதுவே அதன் இயல்பைக் காட்டிக்கொடுக்கிறது.

தம்மம் வேட்கையை மூவகையாகப் பிரித்துக் கூறும். புலனின்பத்தில் வேட்கை ஒன்று. ஆக வேண்டும் என்னும் வேட்கை ஒன்று. இல்லாதாக வேண்டும் என்னும் வேட்கை ஒன்று. மிகுதியாக உண்பவனிடம் முதல் வேட்கையைக் கண்டு நாம் எளிதில் குறை கூறிவிடுகிறோம். இன்னும் விரைவானவனாக ஆக வேண்டும் என்று ஓடுவதில் இரண்டாவதன் சாயலும், இவ்வுடல் இவ்வளவு இருத்தலாகாது என்று தட்டைத் தள்ளுவதில் மூன்றாவதன் சாயலும் இருக்கக் கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. ஒரு வேட்கையை அடக்கியதாக எண்ணி மற்ற இரண்டிற்கும் தீனி போடுவது அடக்கமாகாது.

சோண கோளிவீசர் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். செல்வ மரபில் மென்மையாக வளர்ந்த அவர், துறவு பூண்டபின் உள்ளங்கால் கிழிந்து குருதி ஒழுகும் வரையில் நடைபாதையில் நடந்து தம்மை வருத்திக்கொண்டார். அவர் முன்பு வீணை இசைத்தவர் ஆதலின், நரம்பின் முறுக்கைக் கொண்டே பகவான் அவருக்கு அளவை உணர்த்தினார். வீணை உவமையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் நடந்ததை மறந்துவிடுகிறோம். குருதி படிந்த பாதையைக் கண்ட பகவான் அதை மெச்சவில்லை. எவ்வளவு பெரிய முயற்சி என்று சங்கத்தைக் கூட்டிப் புகழவில்லை. நாம் செய்தது அதற்கு நேர்மாறு.

எடையைக் குறைப்பதே தவறு என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. கோசல மன்னன் பசேனதி மிகையாக உண்டு, உண்டபின் மூச்சு வாங்கப் பகவானிடம் வந்தான். உணவில் அளவறிதலின் நன்மையை அவர் அவனுக்கு எடுத்துரைத்தார். அருகிருந்த சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அவ்வுரையைக் கற்று, மன்னன் உண்ணும் வேளைதோறும் நினைவூட்டினான். மன்னன் படிப்படியாகக் குறைத்து, ஒரு நாழி அரிசிச் சோற்றோடு அமைந்தான். உடல் இளைத்தது, உள்ளம் மகிழ்ந்தது. இதில் கருதத்தக்கவை மூன்று. குறைத்தது படிப்படியாக. குறைத்தது மிகையை, தேவையை அன்று. உண்ணும் இடத்தில் அவனோடு ஒருவர் துணை இருந்தார். நம் இளைஞருக்கோ விரைவு இருந்தது, கைதட்டு இருந்தது, துணை இல்லை.

இவற்றிலிருந்து ஓர் உரைகல்லை நாம் பெறலாம். நமக்கு நாம் செய்துகொள்வதை நம் பராமரிப்பில் உள்ள ஒரு சிறுவனுக்குச் செய்வோமா? வாரத்திற்கு 50 கிலோமீட்டர் அவனை ஓடச் செய்து, அவன் தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்து, காலில் வலி என்று அவன் அழுதால் மறைத்துக்கொள் என்போமா? அதைக் கொடுமை என்று கூறத் தயங்கமாட்டோம். உயிரைத் துன்புறுத்தாமை என்னும் சீலத்தை ஏற்ற நாம், அவ்வுயிர்களின் கணக்கில் நம்மை மட்டும் விட்டுவிடலாகாது.

ஓடவும் இளைக்கவும் விரும்புவோர்க்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டாமல் முன்பின்னாக வைப்பதே அவ்வழி. ஓட்டத்திற்குப் பல திங்கள் முன்னரே, வாரத்திற்கு அரைக் கிலோவிற்கு மேற்படாமல் எடையைக் குறைக்கலாம். கடும்பயிற்சி தொடங்கியபின் குறைப்பதை நிறுத்தி, நெடுந்தூரம் ஓடும் நாளில் சோறும் பருப்பும் முட்டையும் மீனும் தயங்காமல் உண்ண வேண்டும். மிக்க எடை உள்ளவர் முதலில் நடக்கட்டும். மாதவிலக்கு நிற்பதும், எலும்பு வலியும், அடிக்கடி நோய் காண்பதும், காரணமில்லாச் சினமும் உடல் விடுக்கும் முறையீடுகள். அவற்றைக் கேட்டு மருத்துவரை நாடுவது கோழைமை அன்று.

எஞ்சியது நம் கடமை. நம் பாட்டன்மார் பசித்தது விரும்பி அன்று. அடுப்பெரியாத நாள்களை அறிந்த அன்னையர் இன்னும் நம் இல்லங்களில் உள்ளனர். தள்ளப்பட்ட தட்டைக் கண்டு அவர்கள் கலங்குவதை அறியாமை என்று நாம் நினைத்தல் தகாது. கைதட்டாத அந்த ஒருவரே அன்றைய கூட்டத்தில் சரியாகக் கண்டவர். இனி நம் கூட்டங்களில் எவருடைய எடையையும் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. ஒருவர் இளைத்து வந்தாலும் பருத்து வந்தாலும் நாம் கேட்க வேண்டியது நம் மக்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியே: “சாப்பிட்டீர்களா?”

அவ்விளைஞர் இப்போது மீண்டும் ஞாயிறுதோறும் வருகிறார். எடை என்ன என்று நாம் கேட்பதில்லை. விடியலில் மெதுவாக ஓடுகிறார் என்றும், இரவில் அன்னையோடு அமர்ந்து உண்கிறார் என்றும் அறிந்து மகிழ்கிறோம். தம் உடலுக்கும் இரங்கக் கற்றவரே பிறர் உடலின் பசியையும் நோவையும் உள்ளபடி உணர வல்லவர். அவ்விரக்கத்தை நாம் யாவரும் பயில்வோமாக.