பானையும் பட்டியலும்

ஒரு சேரியை அடிக்க வருகிறவர்கள் யாரை அடிக்க வருகிறார்கள்? 'தலித்துகளை' என்பது சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதில் பாதி வழியில் நின்றுபோகிறது. கும்பல் தெருவுக்குள் நுழைகிற நேரத்தில் வீட்டுக்குள் இருந்தது யார், ஓட முடிந்தது யாரால், அடுப்பங்கரையில் உடைந்தது யாருடைய பொருள், மறுவாரம் அதே ஆதிக்கச் சாதிக்காரரின் கொல்லையில் போய் வேலை கேட்டு நிற்கப்போவது யார் என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்டால், 'மொதல்ல சாதிப் பிரச்சினைய முடிப்போம், பெறகு அதப் பாப்போம்' என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். அது பிறகு பார்க்கிற விசயமில்லை என்பதுதான் என் வாதம்.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில், விடுதலைச் சிறுத்தைகளின் சின்னமான பானையைத் தெருவில் போட்டு உடைத்ததில் வந்த தகராறு, தலித் குடியிருப்புக்குள் கும்பல் புகுந்து சுமார் 20 வீடுகளை அடித்து நொறுக்கியதில் போய் நின்றது. பத்திரிகைகள் அதைத் தேர்தல் மோதல் என்று எழுதின. மோதல் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குள் பூந்து அடிப்பதற்கு மோதல் என்று எப்படிப் பெயர் வைக்கிறார்களோ!

அவர்கள் உடைத்தது ஒரு கட்சியின் சின்னம். ஆனால் சேரியில் பானை என்பது சின்னமாவதற்கு முன்னால் ஒரு பொம்பளையின் உழைப்பு. நம் பக்கத்தில் நடந்த பெரிய தாக்குதல்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். அரிசியில் மண்ணெண்ணெயைக் கொட்டுவது, கிணற்றைக் கெடுப்பது, பாத்திரத்தை நசுக்குவது, ரேசன் கார்டையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் கொளுத்துவது என்று ஒரே மாதிரி நடக்கும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸே வந்து வீடு வீடாக உடைத்தது. 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊர்களிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்று அதிகாரிகள் ஆறுதல் சொன்னார்கள். ஒரு குடும்பம் மறுநாள் காலையில் உயிரோடு எழுந்திரிக்கத் தேவையான எல்லாவற்றையும் அழிப்பது எந்தச் சேதத்தில் சேர்த்தி? அந்தப் பொருள்களைச் சேர்த்தவளும் பெண், இனி அவை இல்லாமல் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவளும் பெண்.

தருமபுரித் தீக்குச் சொல்லப்பட்ட காரணமே ஒரு பெண் தன் விருப்பப்படி தலித் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதுதான். சாதியின் உயிர்நாடி அகமணத்தில் இருக்கிறது, அகமணத்தைக் காப்பாற்றத்தான் சதியும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமித் திருமணமும் வந்தன என்று அம்பேத்கர் 1916இல், கொலம்பியாவில் மாணவராக இருந்தபோதே எழுதிவிட்டார். நூறு வருசம் தாண்டியும் அதை நாம் சாதி பற்றிய கட்டுரை என்று மட்டும் படிக்கிறோம். பெண்ணைப் பற்றிய கட்டுரையாகப் படித்தால் சேரிகள் ஏன் எரிகின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும். சாதி இந்துப் பெண் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுத்தால் சேரியைக் கொளுத்துகிறான். தலித் பெண்ணின் உடல்மீது அவன் கைவைத்தால் அது செய்தியாகக்கூட ஆவதில்லை. செந்துறைப் பக்கத்தில் 2016 டிசம்பர் கடைசியில் காணாமல்போன ஒரு தலித் சிறுமியின் உடல் 2017 சனவரியில் கிணற்றில் கிடந்த பிறகுதான் வெளியுலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25. ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள். ஆண்டுதோறும் நினைவு கூர்கிறோம், கூலிப்போராட்டத்தின் தியாகிகள் என்கிறோம். அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். இது தற்செயலா? அடியாட்கள் வந்ததும் திடமான ஆண்கள் ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. வருகிறவன் ஆம்பளைகளைத்தான் தேடி வருவான், பொம்பளையையும் பிள்ளையையும் தொடமாட்டான் என்ற நம்பிக்கை அன்று எல்லோருக்கும் இருந்தது. அந்த நம்பிக்கைதான் அவர்களைக் குடிசைக்குள் உட்கார வைத்தது. 1973இல் உயர்நீதிமன்றம், வசதிபடைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை எனச் சொல்லி விடுதலை செய்தது. கௌரவம் உள்ள ஆண் இப்படிச் செய்யமாட்டான் என்று நீதிமன்றமும் நம்பியது. இந்த நம்பிக்கையை ஒருவர் சாவால் பொய்யாக்கினார்கள், மற்றவர் தீர்ப்பாக எழுதினார்.

போஸ்னியாவில் 1995 சூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் நடந்தது இதன் மறுபக்கம். பெண்களையும் சிறுபிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆண்களும் பையன்களுமாக சுமார் 8,000 பேரைக் கொன்றார்கள். ஆக, ஆணாக இருப்பதும் ஒரு சாவுக்குக் காரணம்தான். பாலினம் என்றால் பொம்பளைப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள் இதையாவது யோசிக்க வேண்டும்.

வாச்சாத்தியில் 1992 சூன் 20இல் ஆண்கள் மலைக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஊரில் இருந்த பெண்களில் 18 பேரை வனத்துறை, காவல்துறை ஆட்கள் வன்புணர்ந்தார்கள். பழங்குடிப் பெண்கள், கட்டுகிற வரியில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதிராக, கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் போக மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் வாய் திறந்ததால் வந்த தீர்ப்பு அது. நம் ஊர்களில் என்ன நடக்கிறது? 'மானம் போயிடும், வெளிய சொல்லாத' என்று அடக்குவது யார்? நம் அப்பன், அண்ணன், புருசன்தான். அவளுக்கு நேர்ந்ததை நமக்கு நேர்ந்த அவமானமாக மாற்றிக்கொண்டு, பிறகு அவளையே வாயை மூடச் சொல்கிறோம். அதே சமயம் மேடையில் ஏறினால் 'நம் பெண்களை' என்று முழங்குகிறோம். அந்த 'நம்' என்கிற வார்த்தை எனக்கு நெருடுகிறது. ஆதிக்கச் சாதிக்காரனும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறான்.

ருவாண்டா வழக்கு ஒன்று இங்கே உதவும். தாபா ஊரின் தலைவர் அகயேசுமீது முதலில் போட்ட குற்றப்பத்திரிகையில் வன்புணர்ச்சி இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வேறு எதையோ சொல்லும்போது இதையும் சொன்னார்கள். நீதிபதிகள் காது கொடுத்தார்கள். 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2இல் வன்புணர்ச்சியும் இனப்படுகொலையாகும் என்று உலகில் முதல்முறையாக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை, டர்பன் தமிழ்க் குடும்பம், பஸ் டிரைவரின் மகள். கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பிலும் ஒரு இடம் இடிக்கிறது. தகப்பன் வழியில் இனம் கணக்கிடப்படும் சமூகத்தில் வேற்றினத்தான் கருவைச் சுமக்க வைப்பது பிறப்பைத் தடுப்பதாகும் என்று அது வாதிடுகிறது. பெண்ணின் உடலுக்கும் மனசுக்கும் வந்த கேட்டையே தீர்ப்பு முதலில் வைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் கருப்பை என்றதும் நீதிகூடத் தகப்பனின் கணக்கில் பேச ஆரம்பித்துவிடுகிறது.

1948ஆம் வருச இனப்படுகொலை ஒப்பந்தம் தேசம், இனக்குழு, இனம், மதம் என்று நான்கைச் சொல்கிறது. சாதி அதில் இல்லை. எனவே வெண்மணியை இனப்படுகொலை என்றால் வக்கீல் சிரிப்பார். சிரிக்கட்டும். நம் சொந்தச் சட்டத்தைப் பார்ப்போம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் வந்த விதிகளில், கொலையுண்டவர் சம்பாதிக்கிறவர் என்றால் குறைந்தது 2 லட்சம், சம்பாதிக்காதவர் என்றால் 1 லட்சம். விடியலில் எழுந்து தண்ணி தூக்கி, சோறாக்கி, மாட்டுக்குப் புல்லறுத்து, முந்திரிக்காட்டுக்கும் போய் வருகிறவள் செத்தால் அவளை எந்தப் பிரிவில் எழுதுவார்கள்? 2016இல் திருத்திய விதிதான் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டு, கொலைக்கு 8.25 லட்சம் என்று ஒரே தொகை வைத்தது. அதற்கு முன்னால் 20 வருசம் பெண்ணின் உயிர் அரை விலைக்குப் போகக்கூடிய கணக்கு அரசாங்கத்திடம் இருந்தது. இதை எதிர்த்து நாம் எத்தனை ஆர்ப்பாட்டம் நடத்தினோம்?

சேதப் பட்டியல் இன்னும் குடும்பத் தலைவர் பேரில்தான் எழுதப்படுகிறது. ஓடு, கதவு, டிவி, பைக். வயசுக்கு வந்த பிள்ளையைப் பயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவசரமாகக் கட்டிக்கொடுப்பதற்கு அந்தப் பட்டியலில் வரி கிடையாது. இருட்டில் ஒதுங்கப் போக முடியாமல் பகலெல்லாம் தண்ணி குடிக்காமல் கிடப்பதற்கும் கிடையாது. அடிபட்ட ஊரிலிருந்து ஆம்பளை திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடலாம். வீட்டோடும் கிழடுகளோடும் பிள்ளைகளோடும் அவள் இங்கேயே கிடக்கிறாள். செந்துறை, செயங்கொண்டம் பக்கம் மாசியிலிருந்து வைகாசி வரை முந்திரிக்கொட்டை பொறுக்குகிற காலம். பொன்பரப்பி அடிபட்டது சித்திரையில். காடு அவர்களுடையது. கொட்டை பொறுக்க ஆள் கூப்பிடுகிறவர்களும் அவர்கள்தான்.